கண்மாய் வென்ற ஆண்டு

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து உயர்நிலைப்பள்ளிகள் தமக்குள் ஆடிவரும் சுழற்கோப்பைக் கபடிப் போட்டிக்கு மலர் ஒன்று வெளியிடுகிறார்கள். அதற்கு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி கழகச் செயலர் சௌந்தரபாண்டியன் கேட்டார். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். நானும் அவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள்.

"நீங்க எழுதுனா தப்பு இருக்காது டீச்சர்" என்றார்.

தமிழாசிரியராக இருந்தவளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைப்பதில்லை. எழுதினேன். தப்பு இல்லை. ஆனால் ஓர் ஆண்டின் எதிரே நான் எழுதிய ஒற்றைச் சொல் என்னைக் கட்டுரைக்குள் இருக்கவிடாமல் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

அந்தச் சொல்லை விளக்கக் கொஞ்சம் வரலாறு வேண்டும். இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றுக்கு அந்நாளில் மைதானம் கிடையாது. ஊருக்குக் கண்மாய், அதாவது பாசன ஏரி, இருந்தது. மாசியில் காய்ந்தால் புரட்டாசிவரை காய்ந்தே கிடக்கும். வெடித்த கரம்பை மண்ணை மண்வெட்டியால் சமன்செய்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டால் களம் ஆயத்தம். ஒவ்வொரு பள்ளியும் தன் ஊர்க் கண்மாய்க்குள் ஆடியது. ஆகவே மழை பொய்த்த ஆண்டுகளில் போட்டி செழித்தது. மல்லாங்கிணற்று அணி கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால் விட்டுக்கொடுத்த ஆட்டங்கள் உண்டு. நரிக்குடிப் பக்கத்து அணிகள் முதல் சுற்றிலேயே வெளியேறியதற்குக் காரணம் வேறு. அங்கே நெல்லுக்கு ஆகும் அளவு கண்மாயில் நீர் தங்கிவிடும். பயிற்சிக்கு இடம் இராது. தண்ணீர் இருந்ததனால் தோற்ற ஊர்கள் வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை.

[செயலர் இந்தக் கடைசி வாக்கியத்தை நீக்கச் சொன்னார், கட்டுரையில் நீக்கினேன். இங்கே மீண்டும் சேர்த்துக்கொண்டேன்.]

கண்மாய்க்குள் ஆடியவர்கள் கண்மாய்க்கென்று ஒரு விதியும் வைத்திருந்தார்கள். ஆட்டத்தின் நடுவே வரத்துக்கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து களத்தைத் தொட்டால் நடுவர் விசில் ஊதுவார், ஆட்டம் அத்தோடு முடிந்தது. களத்தில் நிற்பவர்கள் குனிந்து முதல் தண்ணீரைத் தொட்டு, மூடிய கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இறுதிப் போட்டியாக இருந்தால் அந்த ஆண்டின் கோப்பை கண்மாய்க்கு. கோப்பையின் மரப்பீடத்தில் பித்தளைத் தகடு அடித்து, வென்ற பள்ளியின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'கண்மாய்' என்று பொறிப்பார்கள்.

அச்சகத்தில் கட்டுரையைக் கணினியில் ஏற்றிய பிருந்தா என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"டீச்சர், இந்தக் கண்மாய் ஹைஸ்கூலு எந்த ஊருல இருக்கு? மத்ததுக்கெல்லாம் ஊரு பேரு இருக்கு, இதுக்கு மட்டும் இல்ல."

நான் விளக்கினேன்.

"அப்ப யாருமே ஜெயிக்கலையா?"

அந்தக் கேள்வியைத்தான், வேறு விதமாக, அதற்கு முந்திய வாரம் அந்த ஆண்டு ஆடிய தங்கச்செல்வியும் கேட்டிருந்தார்.

2

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப்பார்த்தேன். மூன்றையும் அடித்தேன். அடித்தவற்றை வாசகர் பார்ப்பதில் தவறில்லை.

அ) 'வானம் இருண்டுகொண்டு வந்தது.'

பொய். அந்த இறுதிப் போட்டியன்று செவலூரணியில் (ஊரின் பெயர் நான் வைத்தது) வெயில் அடித்தது. மழை மேற்கே எங்கோ பெய்திருந்தது. மேலே இருந்த கண்மாய் நிரம்பி, மறுகால் பாய்ந்து, அந்த நீர் கால்வாய் வழியாகக் காய்ந்த கண்மாய்க்கு வந்தது. பிறருடைய மழை.

ஆ) 'தங்கச்செல்வி நடுக்கோட்டை நோக்கி ஓடினாள்.'

ஓடவில்லை. கணுக்காலை ஒருத்தி பிடித்திருக்கும்போது ஓட முடியாது. குப்புறக் கிடந்து கையை நீட்டினாள்.

இ) 'அன்று கண்மாய்க்குள் நின்ற அனைவரும் கண்ணை மூடியிருந்தார்கள்.'

இதில் பிழையில்லை என்று எண்ணினேன், பிழை இருந்தது. பின்னால் திருத்தப்படும். அதுவரை அடித்தபடியே கிடக்கட்டும்.

3

தங்கச்செல்வி ஆடு வாங்கி விற்பவர். சந்தை நாள்களில் விடியுமுன் சின்ன லோடு வண்டியில் கிளம்பிவிடுவார். ஆட்டின் முன்னங்காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தே விலை சொல்வார் என்றார்கள். மலர் வரப்போவதைக் கேள்விப்பட்டு ஒரு பிற்பகலில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாற்பதைக் கடந்த, தோள் அகன்ற பெண். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கபடிக் கதையெல்லாம் நீங்கதான் எழுதுறீகளாம்ல."

"கதையில்லை. வரலாறு."

"ஏதோ ஒண்ணு. நான் கோட்டத் தொட்டேனா, தொடலையா? அத மட்டும் எழுதிருங்க."

எந்தக் கோடு, எந்த ஆண்டு என்று நான் கேட்கவில்லை. அந்த ஆண்டின் எதிரே 'கண்மாய்' என்று என் கையால்தான் எழுதியிருந்தேன்.

"தோத்தேன்னு எழுதுனாலும் சரி, டீச்சர். நான் சண்டைக்கு வர மாட்டேன். ரெண்டுல ஒண்ணு எழுதுங்க. ஆட்டச் சந்தைக்குக் கொண்டுபோனா வித்துட்டு வரணும், இல்ல ஓட்டிட்டு வரணும். நடுரோட்டுல கட்டிப்போட்டுட்டு வரக் கூடாதுல்ல."

"கமிட்டியில் அந்தக் கோப்பையை இரண்டு பள்ளிக்கும் கூட்டாகக் கொடுக்கலாம் என்கிறார்கள்."

"யாரு சொன்னது?"

"டவுன் பள்ளிக்கு அன்று தலைவியாக இருந்த சங்கரி."

தங்கச்செல்வி முதன்முறையாக உட்கார்ந்தார். "அவளா" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.

4

எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பகுதி இது.

தொண்ணூறுகளில் ஒரு புரட்டாசிக் கடைசி. காலாண்டு விடுமுறை. பெண்கள் கபடி இறுதிப் போட்டி செவலூரணிக் கண்மாயில். ஒருபுறம் ஊர்ப் பள்ளி. தலைவி பத்தாம் வகுப்புத் தங்கச்செல்வி. மறுபுறம் அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களை ஒட்டியிருந்த பெண்கள் பள்ளி. தலைவி சங்கரி, அவளும் பத்தாம் வகுப்பு. நடுவர் வேங்கடபதி. இன்று அவர் இல்லை.

ஆட்டத்துக்கு முன்பே ஒரு பேச்சு இருந்தது. தங்கச்செல்வியின் தந்தை வெள்ளத்துரைக்குக் கண்மாய்க்கு அருகே மிளகாயும் கொத்தமல்லியும் போடுகிற கொஞ்சம் நிலம். மகள் பத்தோடு நிற்க வேண்டும் என்பது வீட்டில் முடிவானது. மேலே படிக்க டவுனுக்குத்தான் போகவேண்டும். அவள் கேட்டாள். அவர் சொன்னார்:

"கப்பத் தூக்கிட்டு வா தாயி. டவுனுக்கு அனுப்புறேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை, ஊரார் முன்னிலையில் சொன்னார். ஆகவே அந்தப் பிற்பகலில் ஒரு பெண்ணின் மேற்படிப்பு சுண்ணாம்புக் கோட்டின்மேல் வைக்கப்பட்டிருந்தது. [இந்த உருவகத்தை அடிக்கலாம். இருக்கட்டும்.]

இடைவேளையில் மேலூர்க்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து கரைமேல் நின்று கத்தினார். "மேலக்கம்மா மறுகா பாஞ்சிருச்சு. தண்ணி வருது."

கரையில் மகிழ்ச்சி. அதற்கு முந்திய இரண்டு ஆண்டும் மழை இல்லை. வெள்ளத்துரை மண்வெட்டியோடு கரையில் நின்றார். வேங்கடபதி கால்வாயின் பக்கம் பார்த்தார், ஆட்டக்காரர்களைப் பார்த்தார்.

"வந்து சேர நேரமிருக்கு. முடிச்சிருவோம்" என்றார்.

முடியவில்லை. புள்ளிகள் சமமாக இருந்தபோது கடைசிப் பாட்டுக்குத் தங்கச்செல்வி சென்றாள். பாடிக்கொண்டே போய் எதிரணியைத் தொட்டு, மூச்சு விடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பினால் வெற்றி. அதற்குமுன் மூச்சு விட்டால் தோல்வி. சங்கரி அவள் கணுக்காலைப் பிடித்தாள். தங்கச்செல்வி விழுந்தாள். கோட்டுக்கும் விரலுக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும். அப்போது சருகையும் ஆட்டுப்புழுக்கையையும் தள்ளிக்கொண்டு, நுரைத்தபடி, கணுக்கால் உயரங்கூட இல்லாமல் தண்ணீர் களத்துக்குள் வந்தது.

எல்லோரும் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

வேங்கடபதியும் குனிந்தார். கோடு பார்க்க நின்ற இரு ஆசிரியர்களும் குனிந்தார்கள். நிமிர்ந்தபோது கோடு கரைந்திருந்தது. வேங்கடபதி இரு கைகளையும் விரித்தார். கோப்பை கண்மாய்க்கு. ஊர் குலவையிட்டது.

5

மேற்கண்ட பகுதியைத் தங்கச்செல்விக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் குனிஞ்சு தொட்டுக்கிட்டாகன்னு எழுதியிருக்கீக."

"ஆமாம்."

"நான் கும்புடல."

பேனாவை எடுத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"காலப் பிடிச்சிருந்த கை விட்டுருச்சு. ஏன் விட்டான்னு திரும்பிப் பாக்கல. தண்ணி மூஞ்சியில அடிக்குது. கம்மாயே சத்தமில்லாம கெடக்கு. நான் மட்டும் 'கபடி, கபடி'ன்னு பாடிக்கிட்டுக் கெடக்கேன். கோடு தெரியுது. கைய நீட்டுறேன். கோடு நகருது டீச்சர்."

"நகர்கிறது என்றால்?"

"சுண்ணாம்பு தூளுதான. தண்ணி மேல மெதக்குது. வெள்ளையா நெளிஞ்சுக்கிட்டு எங்கிட்ட வருது. வெரல்ல ஒட்டிருச்சு. நான் கோட்டுக்குப் போனேனா, கோடு எங்கிட்ட வந்துச்சான்னு இன்னவரைக்கும் தெரியல. அதோட மூச்சு விட்டுட்டேன்."

களத்தில் நின்றவர்களுள் கண்ணை மூடாதவள் அவள் ஒருத்தி. அவள் பார்த்துக்கொண்டிருந்ததோ நகர்ந்துகொண்டிருந்த ஒரு கோட்டை.

"எங்கய்யா கரையில இருந்து எறங்கி வந்தாரு. நான் கையத் தூக்கிக் காட்டுனேன். வெள்ளையா இருந்துச்சு. 'அய்யா, தொட்டுட்டேன்'னு சொன்னேன். அவரு என் கையப் பாக்கல. மூஞ்சியப் பாத்தாரு. 'கையக் கழுவு. தண்ணியத் தொட்டுக் கும்புடு'ன்னாரு."

"கழுவினீர்களா?"

"பின்ன? அவரு சொன்னா கழுவித்தான ஆகணும்."

இதுவரை 'தங்கச்செல்வி ஏன் அழவில்லை' என்று ஒரு பத்தி எழுத எண்ணியிருந்தேன். இனி அது தேவையில்லை. இரண்டாண்டு காய்ந்த கண்மாய்க்குத் தண்ணீர் வந்த நாளில் ஒரு பெண் எதற்காக அழ முடியும்? மழையை நொந்துகொண்டாள் என்று ஆகிவிடும். ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. தானும் சிரித்ததாகத் தங்கச்செல்வி சொன்னார். மறுநாள் விதைப்பு தொடங்கியது. அவளும் வயலுக்குப் போனாள்.

6

வெள்ளத்துரை என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு ஐயம் உண்டு.

முதல் வரைவில் அவரைக் கல்நெஞ்சராக எழுதினேன். அது எளிதாக வந்தது. எளிதாக வந்ததனாலேயே நம்பவில்லை. இரண்டாம் வரைவில் கரையில் கண்ணீர் மல்க நிற்கவைத்தேன். அது இன்னும் மோசம். அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது மகள் சொன்ன ஓர் உரையாடல் மட்டுமே. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் அவள் துணிந்து கேட்டிருக்கிறாள்.

"அய்யா, டவுனுக்கு அனுப்புறேன்னீகளே."

"கப்பு வந்தாத்தான்னு சொன்னேன்."

"நாங்க தோக்கலையே."

"கப்பு யாரு பேருல இருக்கு?"

"கம்மா பேருல."

"அப்பக் கம்மாயப் போயிப் படிக்கச் சொல்லு."

தங்கச்செல்வி இதைச் சொல்லிச் சிரித்தார். அன்றும் சிரித்தாராம். "நல்லாத்தான சொன்னாரு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அதுக்கப்புறம் என்னத்தக் கேக்க."

இந்த மனிதரை எப்படி எழுதுவது? தண்ணீரை வணங்காத மகளைத் தண்டித்தாரா? சொன்ன சொல்லின் எழுத்தைப் பிடித்துக்கொண்டாரா? நல்ல விளைச்சலுக்கு ஆள் வேண்டியிருந்ததா? மூன்றும் பொருந்துகின்றன. ஒன்றைத் தேர்ந்தால் கதை ஒழுங்காகும், அவர்

[இவ்வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.]

7

கூட்டுக் கோப்பை வேண்டாமென்று தாமே நேரில் சொல்ல வேண்டும் என்றார் தங்கச்செல்வி. சந்தையை முடித்துக்கொண்டு அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு வந்தார். அங்கிருந்து சங்கரியின் வீட்டுக்கு இருவரும் போனோம். தறிச்சத்தத்தை மீறிக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. சங்கரி இப்போது ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. உள்ளே திரும்பித் தன் தாயிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு, எங்களிடம் தமிழுக்கு வந்தார்.

"வா செல்வி. எத்தன வருசம். என்னடி, ஆட்டு வாட அடிக்குது?"

"ஆட்ட வித்துட்டு வாரேன். பின்ன அத்தரு வாடையா அடிக்கும்?"

பள்ளிப் பெண்களின் குரலுக்கு இருவரும் போய்விட்டதைப் பார்த்தேன். காபி வந்தது. சங்கரி நேராகவே தொடங்கினார்.

"கூட்டா போட்டுருவோம்னு நாந்தான் சொன்னேன். ஒனக்குச் சந்தோசமா இருக்கும்னு நெனச்சேன்."

"கப்ப எப்பிடிப் பிரிக்கிறது? ஆளுக்கு ஒரு காதா?"

"ஏடி, கம்மாய்னு கெடக்குறதுக்கு நம்ம ரெண்டு பள்ளிக்கூடத்துப் பேரு இருக்கட்டுமே."

"எனக்குப் பாதி வேணாம். நீ என் கால ஏன் விட்டே? அதச் சொல்லு."

சங்கரி தம்ளரைக் கீழே வைத்தார்.

"தண்ணி கைல பட்டுச்சு. விட்டுட்டேன்."

"பட்டா?"

"பட்டா விட்டுத்தான கும்புடணும். நீ கும்புடலையா?"

தங்கச்செல்வி தம் விரல்களைப் பார்த்தார். சங்கரி அவரையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையசைத்தார்.

"தெரியும்டி. கண்ண மூடியிருந்தேன். ஒன் பாட்டு மட்டும் கேக்குது. எல்லாருக்குந்தான் கேட்டுச்சு. எனக்கு எரிச்சலா வந்துச்சு, என்ன பொண்ணு இவ, தண்ணி வந்துருக்குன்னு. அப்புறம் பாட்டு நின்னுச்சு. தொறந்து பாத்தா நீ குப்புறக் கெடக்க. கை வெள்ளையா இருக்கு. கோட்டக் காணோம்."

"விடாம இருந்திருந்தா?"

"விடாம இருந்திருந்தா நீ நகந்திருக்கவே மாட்டே."

"ஆமா" என்றார் தங்கச்செல்வி. கொஞ்சமும் தயங்கவில்லை. "ஒம் பிடி அப்பிடி. ஆனா விசிலு ஊதல."

"ஊதல. சாரு கும்புடக் குனிஞ்சாரு, வாய்ல இருந்த விசிலு தண்ணியில விழுந்துருச்சு. தேடிக்கிட்டுல்ல இருந்தாரு."

இருவரும் சிரித்தார்கள். தறி நின்று மறுபடி ஓடியது. சிரிப்பு அடங்கியபின் சங்கரி சொன்னார்:

"விசிலு ஊதலன்னா ஆட்டம் இருக்குன்னுதான் அர்த்தம். நான் பிள்ளைகளுக்கு அப்பிடித்தான் சொல்லிக்குடுக்குறேன். நீ தொட்டேன்னே போடச் சொல்றேன் செல்வி. எதிர்த்து ஆடுனவ நானே சொன்னா கமிட்டில யாரு மறுப்பா? டீச்சரும் இருக்காக."

நான் பேனாவைத் தொடவில்லை. இதுதான் அவர் கேட்டு வந்தது. இத்தனை ஆண்டு கேட்டுக்கொண்டிருந்ததும் இதுதான்.

"நீ பாத்தியா?" என்றார் தங்கச்செல்வி.

"பாக்கல."

"பாக்காம எப்பிடிடி சொல்லுவ?"

"ஒனக்காகத்தான்."

"எனக்காகன்னா வேணாம்."

காபியைக் குடித்து முடித்தார். சங்கரியின் கையை எடுத்து, ஆட்டின் காலைப் பார்ப்பதுபோல் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார். "இப்பவும் இரும்புதான்" என்றார்.

திரும்பும்போது பேருந்தில் சன்னலோரம் அமர்ந்திருந்தார். திருச்சுழிச் சாலையில் கருவேலம் மூடிய கண்மாய் ஒன்று கடந்து போயிற்று.

"எங்கய்யா பாத்திருப்பாரு" என்றார் திடீரென்று. "கரையில நின்னாருல்ல. கரைக்குத் தண்ணி வரல. அவரு எதுக்குக் கண்ண மூடணும்? மேல இருந்து பாத்தா எல்லாந் தெரியும், கோடு எங்க இருந்துச்சு, என் கை எங்க இருந்துச்சுன்னு."

"அவரிடம் கேட்டதில்லையா?"

"கேட்டா கும்புடாதது பேச்சுல வருமேன்னு கேக்கல. அவரும் சொல்லல. கொரோனாவுக்கு முந்தின வருசம் போயிட்டாரு. ஒரே வீட்டுலதான் இருந்தோம். சோறு போட்டது நான்தான்."

8

முடிவுகள்.

முதலாவது: அவள் தொட்டாள். கோப்பையில் தகடு மாற்றப்படுகிறது. மேடை, மாலை, கைதட்டல். இதை எழுத அரை மணி நேரமும் ஆகவில்லை. படித்துப் பார்த்தபோது தங்கச்செல்வியின் குரல் கேட்டது: பாக்காம எப்பிடிச் சொல்லுவ?

இரண்டாவது: தொடவில்லை, கோடுதான் மிதந்து வந்து விரலில் ஒட்டியது. அவர் இதற்கும் உடன்பட்டிருந்தார். ஆனால் இதையும் நான் பார்க்கவில்லை.

மூன்றாவது: வெள்ளத்துரை சாகும் தறுவாயில் மகளை அழைத்து, 'தாயி, அன்னைக்கு நீ' என்று தொடங்குகிறார். வாக்கியத்தை முடிக்காமலே கிழித்தேன். வாழ்நாள் முழுதும் வாய் திறக்காத ஒருவரை என் வசதிக்காகப் பேசவைப்பது தகாது. அவர் பேசியிருக்கலாம் என்ற ஏக்கம் என்னுடையது, மகளுடையதும்கூட. ஏக்கத்தை நிகழ்ச்சியாக்கக் கூடாது.

நான்காவது: இன்று அதே கண்மாயில், கருவேலத்தை வெட்டி, இரு பெண்களும் அந்தக் கடைசிப் பாட்டை மறுபடி ஆடுகிறார்கள். இதைச் சொன்னபோது தங்கச்செல்வி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க மாட்டேன். "மூட்டு வலிக்கு நீங்க மருந்து வாங்கித் தருவீகளா?" என்று மட்டும் கேட்டார்.

கட்டுரை அச்சாகிவிட்டது. அந்த ஆண்டின் எதிரே 'கண்மாய்' என்றே இருக்கிறது. சங்கரி தம் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சௌந்தரபாண்டியனுக்கு நிம்மதி. "பழையபடியே இருக்கட்டும் டீச்சர். தண்ணிக்குக் குடுத்தது தண்ணிக்கே" என்றார். இப்போதெல்லாம் பள்ளி வளாகத்தில் விரிப்புப் போட்டுத்தான் ஆடுகிறார்கள். கோடு அதில் சாயத்தால் போடப்பட்டது. எந்தத் தண்ணீரும் அதை நகர்த்தாது. எந்தத் தண்ணீருக்காகவும் யாரும் குனிய வேண்டியதுமில்லை.

மலரின் ஒரு படியைத் தங்கச்செல்விக்குக் கொடுத்தேன். கதை எழுதுவதையும் சொன்னேன். அதிலும் தீர்ப்பு இராது என்றேன், மன்னிக்கும்படி கேட்டேன். அவர் மலரைச் சுருட்டி வண்டியின் இருக்கைக்குப் பின்னால் செருகினார். ஒரு கிடாய் தலையை நீட்டி அதை மோந்தது. அதன் முகத்தைத் தள்ளிவிட்டார்.

"கதையில, நான் கும்புடலங்குறது வருதா?"

"வருகிறது. நீங்கள் விரும்பினால் எடுத்துவிடுகிறேன்."

"எடுத்துறாதீக. அன்னைக்கு நான் செஞ்சதுல அது ஒண்ணுதான் எனக்கு உறுதியாத் தெரியும்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

9

இனி இது உங்களிடம்.

கண்மாய்க்குள் நின்றவர்கள், அவளைத் தவிர, கண்ணை மூடியிருந்தார்கள். நான் அங்கே நின்றிருந்தால் நானும் மூடியிருப்பேன். இந்தப் பக்கத்தில் பிறந்தவளுக்கு வேறு விதமாகச் செய்யத் தெரியாது. ஆகவே நான் சாட்சி ஆகமாட்டேன். நீங்கள் நிற்பது கரையில். உங்கள் காலுக்குத் தண்ணீர் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படிக்கவும் இயலாது. வெள்ளத்துரை நின்ற இடம் அதுதான். அவர் பார்த்திருப்பார், சொல்லவில்லை. நீங்கள் பார்த்தால் சொல்லிவிடுங்கள். என்னிடம் வேண்டாம், செவலூரணியில் ஆடு வாங்கி விற்கும் அவரிடம். எதைச் சொன்னாலும் சண்டைக்கு வரமாட்டார். அவருக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வெயில் அடிக்கிறது. நுரை களத்துக்குள் நுழைகிறது. ஒவ்வொருவராகக் குனிகிறார்கள். விசில் நழுவித் தண்ணீரில் விழுகிறது. கணுக்காலைப் பிடித்திருந்த கை திறக்கிறது. கண்மாய் முழுதும் ஓசை அடங்கிவிட்டது. ஒரு குரல் மட்டும், மூச்சு குறையக் குறையத் தணிந்துகொண்டு, கபடி, கபடி, கபடி. அவள் கையை நீட்டுகிறாள்.

[இங்கே ஒரு கோடு இருந்தது.]